எட்ட நின்ற இரக்கம்

கையில் ஒரு பிள்ளை கிடைக்கும் வரை எந்த உயிரையும் எடுப்பதில்லை என்று அப்புத்துரை குளத்து வான்கட்டுப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தது மாசி மாதத்தில். மனைவி இராசேஸ்வரிக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன்னர் அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமற் போயிருந்தன. ஒன்று பளையில் இருந்தபோது போனது. மற்றது இந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த முதல் வருடத்தில்.

நேர்த்தியை அவன் ஒப்புக்கு வைக்கவில்லை. மீன்சட்டி குசினியை விட்டு வெளியே போயிற்று. முகட்டில் இருந்து விழுந்த பாம்பைத் தடியில் ஏந்திக்கொண்டுபோய் வேலிக்கு அப்பால் விட்டான். பக்கத்துக் காணிக்கார வீரகத்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஓமந்தைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பது வயது. இரட்டைக் குழல் துவக்கும், அதைவிட உரமான வாயும் அவருக்கு இருந்தன.

“தம்பி, நுளம்பு கடிச்சால் என்ன செய்வாய்?”

“ஊதி விடுவன் அண்ணை.”

“நல்லது. பண்டி வந்தாலும் ஊதி விடு.”

ஆனியில் காட்டுப்பன்றி வந்தது. சிறுபோக நெல் பால் பிடிக்கிற காலம். அப்புத்துரையின் காணி இடதுகரை வாய்க்காலில் கடைசிக் காணி. அதற்கு அங்கால் காடு. காட்டில் நீர்க்குழிகள் வற்றிப்போன வருடம் அது. மைமல் இருட்டுக்குள் இறங்குகிற பன்றிகள் கதிரைச் சப்பித் துப்பிவிட்டு, வரம்பையும் கிண்டிப் போட்டுவிட்டுப் போயின. அப்புத்துரை தகரம் தட்டினான். காட்டோரத்தில் தீ மூட்டினான். தொண்டை கட்டும்வரை கூவினான். இரண்டு மூன்று நாட்கள் அவை விலகி நின்றன. பிறகு தகரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தின்னப் பழகிவிட்டன.

“நான் வந்து உன்ரை கொட்டிலுக்கை இருக்கிறன்” என்றார் வீரகத்தி. “தனியன் பண்டி ஒண்டு வருது. அதைக் கிட்ட வரவிட்டு ஒரு வெடி வைச்சனெண்டால் மற்றதுகள் ஒரு மாதத்துக்குத் திரும்பிப் பாராது.”

“வேண்டாம் அண்ணை. என்ரை வயலுக்காக நீங்கள் சுட்டாலும் அது என்ரை தலையிலைதான்.”

“அப்ப வயலைப் பண்டிக்கு எழுதிக் குடுத்திட்டு நீ புல்லைத் தின்.”

சொல்லிவிட்டுப் போனாலும், அன்று பின்னேரம் தன் வீட்டிலிருந்த பெரிய தகரம் ஒன்றை மனைவியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அப்புத்துரையின் வீட்டுக் கூரை வளையில் சாக்கில் சுற்றிய சின்ன ரைபிள் ஒன்று கட்டிக் கிடந்தது. பளையில் தென்னந்தோட்டக் காவலாளியாக இருந்தபோது தோட்டக்காரர் கொடுத்தது. குழல் அளவு .22 என்பதால் ஊரில் அதை ‘ருவென்ரிரூ’ என்பார்கள். அதன் ரவை சின்னி விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அணிலுக்கும் முயலுக்கும் கிட்ட நின்று சுடத்தான் அது. பெரிய மிருகத்துக்கு அதைத் தூக்குகிறவனை வேட்டைக்காரர் மதிப்பதில்லை.

ஒரு நாள் வரம்பில் இருந்து அழிந்த பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கிட்ட நின்று சுட்டால்தானே உயிர் போகும்? இந்த ரவை இலேசானது. எட்டப் போகப் போக அதன் வேகம் செத்துப்போகும். வேகம் செத்த ரவை பன்றியின் தோலில் பட்டால் கல்லெறி பட்டதுபோலச் சுணைக்கும். பன்றி ஓடும். உயிர் போகாது. நேர்த்தியும் நிற்கும், நெல்லும் நிற்கும்.

அவன் அவசரக்காரன் அல்ல. சோதித்துப் பார்க்காமல் துவக்கைத் தொடுவதில்லை என்று வீடு கட்டி மிஞ்சிய பாலை மரப் பலகை ஒன்றை எடுத்தான். முதலில் உவர்க் கிணற்றடியில் நிறுத்திவிட்டு முற்றத்தில் நின்று சுட்டான். பலகையைத் துளைத்துக்கொண்டு ரவை மண்ணுக்குள் போயிற்று. பிறகு பலகையை வயலின் நடு வரம்புக்குக் கொண்டுபோனான். அங்கே ரவை பலகைக்குள் பாதியில் நின்றது. கடைசியாகக் காட்டோரத்தில் நிறுத்திவிட்டு, வீட்டு வேலியடியில் நின்று, குறியை ஒரு முழம் உயர்த்திச் சுட்டான். பல தரம் குறி பிழைத்து ஒருதரம் பட்டது. நடந்துபோய்ப் பார்த்தான். பலகையில் நகத்தால் அழுத்தியதுபோல ஒரு பள்ளம். அவ்வளவுதான். சப்பளிந்த ரவை பலகைக்குக் கீழே புல்லில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து இராசேஸ்வரியின் உள்ளங்கையில் வைத்தான்.

“இஞ்சை பார். பலகைக்குள்ளை போகவே இல்லை.”

அவள் அதை உருட்டிப் பார்த்தாள். “நோகாதோ?”

“நோகும். நோகத்தானே வேணும். ஆனால் சாகாது.”

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தகரம் தட்டுகிற கணவனுக்கு உதவியாக ஏழாம் மாதத்து வயிற்றோடு அவளும் கூவிக்கொண்டு நின்ற நாட்கள் அவை. இனி அது வேண்டாம் என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று தொடக்கம் மைமலில் அவன் வேலியடியில் இருந்தான். பன்றிகள் காட்டோரத்தில் தலை காட்டியதும் ஒன்று சுடுவான். சில நேரம் ஒன்றும் நடவாது. சில நேரம் ஒரு வீரிட்ட சத்தம் கேட்கும். கூட்டம் கலைந்து ஓடும். அந்தச் சத்தம் அவனுக்கு மகிழ்ச்சியைக் கொடுத்தது. கல்லெறி பட்ட நாய் கத்துவதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று நினைத்தான். பன்றிகள் வரவரக் குறைந்தன. கதிர் முற்றத் தொடங்கியது.

வீரகத்தி ஒரு நாள் வாய்க்காலடியில் கேட்டார்.

“உன்ரை பக்கம் வெடிச்சத்தம் கேக்குது. இறைச்சி வாசம் மட்டும் வரேல்லை.”

“வெருட்டுறன் அண்ணை.”

“வானத்தைப் பாத்தோ?”

“உப்பிடித்தான்” என்றான் அப்புத்துரை. எட்ட நின்று சுடுகிறேன் என்று சொல்ல ஏனோ நா எழவில்லை. சொல்லியிருந்தால் வீரகத்தி அன்றே அவனைத் திட்டித் தீர்த்திருப்பார். அந்தத் திட்டு அவனுக்குப் பெரிய நன்மையாக இருந்திருக்கும்.

ஆனி கடைசியில் சோளகக் காற்று பலத்து வீசிய ஒரு மாலை, பன்றிகளுக்குப் பதிலாகப் புள்ளிமான்கள் வந்தன. ஐந்தாறு இருக்கும். மான் பன்றியைப்போல வயலை உழுவதில்லை. ஆனால் நுனிக்கதிரைக் கத்தரித்ததுபோலத் தின்றுகொண்டு போகும். அப்புத்துரை ஒரு பிணைமானின் பின்தொடையைக் குறி வைத்தான். குறியை வழக்கம்போல உயர்த்தினான். காற்றுக்கு எவ்வளவு விடவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு இலேசான ரவையைக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று எவருக்குத்தான் தெரியும்?

சுட்டான். மான் ஒருதரம் தலையை உதறியது. ஈ மொய்த்தால் உதறுவதுபோலத்தான் அவனுக்குத் தெரிந்தது. மறுகணம் கூட்டம் முழுவதும் காட்டுக்குள் மறைந்தது. ‘காதோரம் உரசியிருக்கும்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, திருநீறு பூசி, விளக்கு முன்னால் நின்று கும்பிட்டான்.

நான்கு நாட்கள் கழித்து, காலையில் குளத்துக்குப் போன இராசேஸ்வரி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள்.

“இஞ்சருங்கோ, குளத்துக்கை ஒரு மான் நிக்குது. என்னைக் கண்டும் ஓடேல்லை. வாயைத் தண்ணிக்கை வைச்சுக்கொண்டு நிக்குது, குடிக்குதில்லை.”

“ஏன் குடிக்கேல்லை?”

“கீழ்த்தாடை தொங்குது. உடைஞ்சுபோச்சுப் போலை. புழுவும் வைச்சிட்டுது.”

அவன் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தான். தேத்தண்ணி பாதி இருந்தது. அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். சொல்லாமலே இருவருக்கும் விளங்கிற்று.

குளக்கட்டில் ஏறியதும் கண்டான். முழங்கால் அளவு நீரில் பிணைமான் நின்றது. விலா எலும்புகளை எண்ணலாம்போல இருந்தது. அது தலையைத் தாழ்த்தி மூக்கு நனையும்வரை நீருக்குள் வைத்தது. நாக்கு அசைந்தது. நீர் உள்ளே போகவில்லை. உடைந்த தாடையின் வழியே வழிந்து திரும்பக் குளத்திலேயே விழுந்தது. அது தலையை நிமிர்த்திச் சற்று நேரம் நின்றுவிட்டு, மறுபடியும் தாழ்த்தியது. குளம் நிறையத் தண்ணீர்.

அப்புத்துரை குளக்கட்டிலேயே இருந்துவிட்டான். பிறகு எழுந்து வீரகத்தியிடம் ஓடினான்.

வீரகத்தி வந்து பார்த்தார்.

“எவ்வளவு தூரத்திலை வைச்சுச் சுட்டனீ?”

“வேலியடியிலை நிண்டு. காட்டோரத்துக்கு.”

“அந்தக் குருவி ரவையாலையோ?”

“பாலைப் பலகையிலை சுட்டுப் பாத்தனான் அண்ணை. உள்ளுக்கை போகவே இல்லை. விழுந்து கிடந்தது.”

வீரகத்தி அவன் பக்கம் திரும்பினார். “பாலையிலையோ? கோடாலி வாய் மடங்கிற மரமடா அது. மானென்ன பாலை மரமே? தோலைத் தாண்டினால் வயிறு. முகத்திலை பட்டால் பீங்கான் மாதிரி எலும்பு. கிட்ட நிண்டு காதடியிலை வைச்சால் உந்தச் சின்ன ரவை ஒரு நொடியிலை முடிச்சுப்போடும். எட்ட நிண்டு சுட்டால் கொல்லாது, உண்மைதான். ஆனால் சாக விடாமல் வைச்சிருக்கும். உதுக்காகத்தான் நாங்கள் எட்டச் சுடுறேல்லை. பயத்திலை கிட்டப் போறமெண்டோ நினைச்சாய்?”

அப்புத்துரை கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான்: “அண்ணை, உங்கடை துவக்காலை முடிச்சுவிடுங்கோ. இறைச்சியையும் நீங்களே எடுங்கோ.”

“புழு வைச்ச இறைச்சியை எனக்குத் தாறாய். பெரிய மனம்தான்.” வீரகத்தி துப்பினார். அவர் குரல் இறங்கியது. “நான் சுடுவன். எனக்கென்ன. ஆனால் எங்கடை அப்பன் ஒண்டு சொல்லுவார்: ஒருத்தன் காயம்பட வைச்சதை மற்றவன் முடிக்கக்கூடாது, பட வைச்சவன் பிறகு படிக்கமாட்டான். நீ நேர்த்திக்காரன். யோசிச்சு வந்து சொல்லு. நான் இதிலைதான் நிப்பன், நாய் கீய் வராமல்.”

அவர் குளக்கட்டில் இருந்த ஒரு வாகை மரத்தடியில் குந்திக்கொண்டார்.

அப்புத்துரை வீட்டுக்கு வந்தான். வளையின் கீழே நின்று சாக்குச் சுற்றிய துவக்கை அண்ணாந்து பார்த்தான். பிறகு குசினி வாசலில் இருந்தான். இராசேஸ்வரி அடுப்பை மூட்டவில்லை.

“வீரகத்தியண்ணை சுடுறாரோ?”

“என்னைச் சுடச் சொல்லுறார்.”

தீப்பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளையாருக்குச் சொன்ன சொல்லு, இராசேஸ். ரெண்டைக் குடுத்திட்டு நிக்கிறம். இதுக்கும் ஏதேன் வந்தால் நான் எப்பிடி உன்ரை முகத்திலை முழிப்பன்? அது தானாச் செத்தால்…” என்று தொடங்கியவன் அந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கப்படாத அந்த வசனம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இராசேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவன் அருகே இருந்தாள்.

“நீங்கள் பிள்ளையாருக்கு என்ன சொன்னனீங்கள்?”

“உயிர் எடுக்கமாட்டன் எண்டு.”

“அதின்ரை உயிரை எடுக்கத் தொடங்கி நாலு நாளாச்சுது. இன்னும் எடுத்து முடியேல்லை. அவ்வளவுதான்.”

அவன் தலை குனிந்தான்.

“எனக்கும் பயம்தான்” என்றாள் அவள். “பயமில்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் நான் இண்டைக்கு அந்தத் தண்ணியைப் பாத்திட்டு வந்திட்டன். இனி அதைக் குடிச்சுக்கொண்டு, அந்த மானை உப்பிடியே விட்டிட்டு, என்ரை பிள்ளையை மட்டும் தா எண்டு நான் என்னெண்டு கேக்கிறது?”

அப்புத்துரை எழுந்து துவக்கை இறக்கினான். படலையடியில் திரும்பிப் பார்த்தபோது அவளும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கையில் செம்பு.

“நீ வரக்கூடாது. வயித்துப் பிள்ளைத்தாய்ச்சி சாவு பாக்கிறேல்லை.”

“நீங்கள் நடவுங்கோ.”

கட்டின்மேல் வீரகத்தி எழுந்து விலகி நின்றார். இராசேஸ்வரியைக் கண்டதும் அவளுக்கும் வழி விட்டார்.

அப்புத்துரை நீருக்குள் இறங்கினான். இத்தனை நாளும் வேலியடியில் நின்று பார்த்தபோது மிருகங்களெல்லாம் காட்டோரத்து நிழல்களாக இருந்தன. பழுப்பாக ஒன்று அசையும், அதைச் சுடுவான். இப்போது ஒவ்வோர் அடியிலும் அது ஓர் உயிராகிக்கொண்டு வந்தது. புள்ளிகள் தெரிந்தன. பின்பு இமை மயிர். பின்பு கண்ணின் ஓரத்தில் காய்ந்துபோன கோடு. அது ஓடப் பார்த்தது. முன்னங்கால்கள் சேற்றில் மடிந்தன. மறுபடியும் எழும்பி நின்று அவனைப் பார்த்தது. கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கை நீட்டினால் தொடலாம் என்ற இடத்தில் நின்றான். காதடியில் குழலை வைத்தான். மான் தலை அசையாமல் நிற்கும் வரை பொறுத்தான், இன்னொருதரம் குறி பிழைக்கக்கூடாது என்பதற்காக. அவனுடைய உதடுகள் அசைந்தன. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டானா, மானிடம் கேட்டானா என்று அவனுக்கே தெரியாது.

கை தட்டியதுபோல ஒரு சின்னச் சத்தம். மான் அப்படியே சாய்ந்தது. கால்கூட உதைக்கவில்லை. வேலியடியில் நின்று செய்ய முடியாமற்போன இரக்கத்தை அதே ரவை அருகில் நின்று ஒரு நொடியில் செய்து முடித்தது.

இராசேஸ்வரி கரையில் குந்தி, செம்பில் நீர் மொண்டாள். அப்புத்துரை மானைக் கரைக்கு இழுத்து வந்தபின், அதன் தாடையைக் கையால் தாங்கி, நாக்கு நனையும்படி வாயில் நீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். வீட்டில் ஒருவர் சாகும்போது வாயில் பால் விடுவதுபோல. இம்முறை நீர் உள்ளே தங்கியது. வீரகத்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சால்வையால் மூக்கைத் துடைத்தார்.

“இதை என்ன செய்யப்போறாய்?” என்று சற்றுப் பொறுத்துக் கேட்டார்.

“கிடங்கு வெட்டித் தாட்டுவிடப்போறன்.”

“மானைத் தாட்ட வேட்டைக்காரனை இந்த வன்னியிலை உன்னோடைதான் பாக்கிறன்” என்றார் வீரகத்தி. பிறகு வீட்டுக்குப் போய் மண்வெட்டி எடுத்து வந்தார். ஒன்றல்ல, இரண்டு. ஆனி வெயிலில் காய்ந்த மண் கல்லாக இருந்தது. இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். வீரகத்தி மண்ணைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், தம் முதுகைத் திட்டினார். அப்புத்துரையை மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் இதற்காகத் திட்டவில்லை.

மண்ணை மிதித்து மூடும்போதுதான் அப்புத்துரைக்கு அது உறைத்தது. மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

“அண்ணை, பண்டியள் கத்திச்சுது. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒண்டு கத்திச்சுது.”

வீரகத்தி காட்டுப் பக்கம் பார்த்தார்.

தண்ணீர் தேடி மனிதர் கண்ணில் படும்படி வந்தது ஒரு மான். வராதவை எத்தனை? எந்தப் பற்றைக்குள், எந்த வற்றிய குழிக்குள்? அன்றிரவு அவன் உண்ணவில்லை. மறுநாள் விடிந்ததும், காட்டுக்குள் இறங்குகிறவர்கள் வழக்கப்படி, காட்டோரத்தில் ஒரு கொப்பை முறித்துக் காவல் தெய்வம் ஐயனாருக்குத் தொங்கவிட்டுவிட்டு, அடிபட்டவற்றைத் தேடி உள்ளே போனான். வயல் வேலை முடிந்த நேரமெல்லாம் அதையே செய்தான். கிட்டப் போய் முடிக்கவேண்டியது ஏதும் கிடைத்தால் முடிக்கத் துவக்கையும் கொண்டுபோனான். அரிவு வெட்டும் நாட்களில் மட்டும் போகவில்லை. அந்த வருடம் நெல் நன்றாக விளைந்தது. மூட்டைகளைப் பரந்தன் சந்திக்கு ஏற்றியபோது எல்லோரும் அவனுடைய அதிர்ஷ்டத்தைப் பேசினார்கள். அவன் லொறியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவணியில் ஒரு முற்பகல், காட்டுக்குள் வற்றிய மோட்டைக் குட்டை ஒன்றின் கரையில் அவன் தேடியதைக் கண்டான். ஒரு பன்றி. கிடந்து வெகுநாள். எலும்பும் தோலும்தான் மிச்சம். சேறு காய்ந்து வெடித்த தரையில் அது முகத்தைப் புதைத்துக் கிடந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்த தடம் சேற்றில் அப்படியே இறுகிப் போயிருந்தது. முதுகெலும்பின் ஒரு கணுவில், சின்னி விரல் நகம் அளவில் சாம்பல் நிறமாக ஒன்று ஒட்டியிருந்தது.

அவன் அதைத் தொடவில்லை. மண் வெட்டக் கருவி கொண்டுவரவில்லை. கையால் கிண்டிய மண்ணையும் சருகையும் அள்ளி மூடத் தொடங்கினான்.

“அப்புத்துரை! எட, அப்புத்துரை!”

வீரகத்தி பற்றைகளை விலக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வழியில் முள் கீறிக் காலில் இரத்தம்.

“உன்னைத் தேடிக் காடெல்லாம் கூவிறன். பெட்டைப் பிள்ளை. மருத்துவிச்சி ஞானமலர் மிஸ்ஸி வந்து நிண்டு பாத்தவா. தாய்க்கும் சுகம், பிள்ளைக்கும் சுகம். உன்னைப் போலைக் கறுப்பு, என்னைப் போலைக் குரல்.”

அப்புத்துரை முழங்காலில் நின்றபடியே கைகளைக் கூப்பினான். கூப்பிய கைகளில் மண். அவனுடைய தோள்கள் குலுங்கின.

வீரகத்தி அப்போதுதான் தரையில் கிடந்ததைக் கண்டார். அருகில் குந்தி, இரண்டு கையாலும் சருகை அள்ளினார்.

“சந்தோசத்திலை அழுகிறாய் எண்டு இராசேஸ்வரிக்குச் சொல்லட்டோ?” என்று மெல்லக் கேட்டார்.

“ஓம் அண்ணை” என்றான் அப்புத்துரை. “அதுவும்தான்.”

எலும்புகள் மூடுண்டதும் இருவரும் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அப்புத்துரை விரைவாக நடந்தான். ஆனால் போகிற வழி முழுவதும் அவனுடைய கண்கள் பற்றைகளின் அடியைத் தேடிக்கொண்டே போயின.